மர ட்ரஸ் போட்ட மச்சு: ஒன்றரை வருடம் குடியிருந்து பார்த்த பிறகு எழுதுகிறேன்

எங்கள் வீட்டு மச்சு, அதாவது மாடித்தளம், கான்கிரீட்டில் இல்லை, மரச் சட்டங்களை முக்கோண முக்கோணமாகப் பூட்டிய ட்ரஸின் மேல் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் படியேறி மேலே வந்ததும் முதலில் செய்வது காலைத் தட்டிப் பார்ப்பதுதான். அடுத்த கேள்வி, "மரத்துலயா போட்டிருக்கீங்க, ஆடாதா?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. ஆனால் சொந்தமாக வீடு கட்டப் போகிற நாலைந்து பேர் உண்மையாகவே விவரம் வேண்டும் என்று கேட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மரம், அதைச் செய்த ஆசாரி, கணக்குப் போட்ட இன்ஜினியர், நடுவில் எங்களை ஏமாற்றப் பார்த்த ஒரு மரக்கடை எல்லாம் இதில் வரும்.

வீடு அம்பாசமுத்திரம் பக்கம். தாத்தா காலத்து மச்சு வீடு. முன்பக்கத்துப் பட்டாசலை, அதாவது கூடத்தை, சுற்றி ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய செங்கல் சுவர், அதற்கு மேலே தேக்கு உத்திரம், அதன் மேல் சட்டம், பலகை, அதற்கும் மேலே ஓடு. பின்கட்டு முழுக்க இடிந்து போயிருந்தது, அதைத் தரைமட்டமாக்கிவிட்டுப் புதிதாகக் கட்டினோம். பட்டாசல் சுவர் மட்டும் தட்டினால் கணீரென்று இருந்தது, அதை இடிக்க எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. ஆனால் மேலே இருந்த மச்சு போயே போய்விட்டது. பிரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. உத்திரத்தின் நடுப்பகுதி எல்லாம் வைரம் பாய்ந்து இரும்பு மாதிரி இருக்கிறது, சுவருக்குள் புதைந்திருந்த ஒரு முழ நீளம் மட்டும் விரலால் கிள்ளினால் மாவாக உதிர்கிறது. சுவரில் ஏறிய ஈரம் மரத்தின் வெட்டுமுகத்தில் இறங்கி இத்தனை வருடமாக அங்கேயே தங்கியிருக்கிறது, காற்றுப் பட வழியே இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு புது மச்சில் நாங்கள் எடுத்த முக்கியமான முடிவுகளில் ஒன்று இதைப் பார்த்ததால் வந்தது.

சரி, ஏன் கான்கிரீட் போடவில்லை? போடத்தான் நினைத்தோம். பாளையங்கோட்டையிலிருந்து வந்து பார்த்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் வேண்டாம் என்றார். ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டால் அதன் சொந்த எடையே சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. பட்டாசல் 18 அடிக்கு 24 அடி, 432 சதுர அடி, பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 13 டன். அதற்கு மேல் தரைப்பூச்சு, டைல்ஸ், ஆட்கள், கட்டில், பீரோ. பழைய சுண்ணாம்புச் சுவர் அதைத் தாங்கினாலும் தாங்கும், ஆனால் அதை நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன், நாலு மூலையிலும் நடுவிலும் புதுத் தூண் எழுப்பி உத்திரம் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார். தூண் எழுப்பினால் அந்தச் சுவரைக் காப்பாற்றியதற்கே அர்த்தம் இல்லை, பட்டாசலின் நடுவில் ஒரு கான்கிரீட் உத்திரமும் தொங்கும்.

அந்தச் சமயத்தில்தான் மெல்போர்னில் இருக்கும் தங்கை அவள் வீடு கட்டும்போது எடுத்த படங்களை அனுப்பினாள். அங்கே மாடித்தளமே மரத்தில்தான். ஆனால் நம் உத்திரம் மாதிரி முழுக்கட்டை இல்லை. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டுக்கும் நடுவில் முக்கோண முக்கோணமாகச் சரிந்த கால்கள், நம் ஊர் ரயில் பாலத்தில் இரும்பில் பார்க்கிறோமே, அதே அமைப்பு. இதைத்தான் ட்ரஸ் என்கிறார்கள். அவள் வீட்டில் போட்டது போசி-ஸ்ட்ரட் என்கிற வகை, மேலும் கீழும் மரம், நடுக்கால்கள் மட்டும் தகட்டில் வளைத்தவை. முழுக்க மரக்கால்களே உள்ள வகையும் உண்டு, அமெரிக்காவில் அதுதான் பரவலாம். பல்பல்லாகக் கூர் எழுப்பிய இரும்புத் தகட்டை அழுத்த இயந்திரத்தில் வைத்து மரத்துக்குள் அமுக்கிவிடுவார்கள், ஆணியே தனியாக வேண்டாம். அந்தத் தகட்டை 1955-இல் ஃபுளோரிடாவில் கால்வின் ஜூரீட் என்பவர் கண்டுபிடித்த பிறகுதான் இது தொழிற்சாலைப் பண்டமாக ஆனது. லாரியில் வந்து இறங்கும், ஆட்கள் வரிசையாகத் தூக்கி வைப்பார்கள், அன்றைக்கே வேலை முடிந்துவிடும் என்றாள். எனக்கு ஆசை வந்துவிட்டது.

நம் பக்கத்தில் அந்த மாதிரி அழுத்துகிற தொழிற்சாலை கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கவில்லை. வரவழைத்தால் லாரி வாடகையே பயமுறுத்தியது. ஆகவே அதே அமைப்பை நம் ஆசாரியை வைத்து, போல்ட்டும் தகடும் போட்டுச் செய்வது என்று முடிவானது. இன்ஜினியர் மரக்கட்டமைப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 883-ஐ வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 16 அங்குல உயரத்தில் ட்ரஸ், மேல்சட்டமும் கீழ்ச்சட்டமும் மூன்றுக்கு மூன்று அங்குலம், நடுக்கால்கள் மூன்றுக்கு இரண்டு, ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் கனத்தில் துருப்பிடிக்காத பூச்சுள்ள இரும்புத் தகடு, ஒன்றரை அடிக்கு ஒன்றாக மொத்தம் 15 ட்ரஸ். தகடு, பலகை, கீழே சீலிங் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு ஆறு கிலோதான் வருகிறது, கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆட்களும் சாமான்களும் நிறைந்திருந்தாலும் ஒரு ட்ரஸின் ஒரு முனை சுவரின் மேல் இறக்கும் பாரம் ஏறத்தாழ 350 கிலோ. அந்தப் பாரமும் ஒரே புள்ளியில் இறங்காமல் இருக்கப் பழைய சுவரின் தலையில் சுற்றிலும் நாலு அங்குலத்துக்கு ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டு, அதன் மேல்தான் ட்ரஸ் உட்காருகிறது.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ட்ரஸ் போட்டால் மரம் பாதியாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் கணக்குப் பார்த்தோம். அதே 18 அடிக்கு முழுக்கட்டையாகப் போட்டால் மூன்றுக்குப் பத்து அங்குலச் சட்டம் வேண்டும், அது ஒன்றுக்கு மூன்றே முக்கால் கன அடி. எங்கள் ட்ரஸ் ஒன்றுக்கு மூன்றரை கன அடிக்குக் கொஞ்சம் கீழே. பெரிய வித்தியாசம் இல்லை. மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. மரக்கடையில் கன அடி விலை எல்லா மரத்துக்கும் ஒன்று கிடையாது, நீளமும் கனமும் கூடக் கூட விலை ஏறும். 18 அடி நீளத்தில் பத்து அங்குல அகலத்தில் வெடிப்பில்லாத, வெள்ளை (வைரம் பாயாத வெளிப்பகுதி) இல்லாத தேக்குச் சட்டம் 15 வேண்டும் என்று செங்கோட்டையில் கேட்டோம், அவர்கள் சொன்ன விலையில் திரும்பி பஸ் ஏறிவிட்டோம். ட்ரஸுக்கோ எல்லாம் சின்னச் சின்னத் துண்டு. நடுக்கால் ஒன்றரை அடி நீளம், அது எந்தக் கழிவுக் கட்டையிலும் கிடைக்கும். இரண்டாவது, அதே அளவு மரத்தில் முழுக்கட்டையைவிட ட்ரஸ் அதிக விறைப்பாக நிற்கிறது, மரம் மேலேயும் கீழேயும் விலகி நிற்பதால் வருகிற பலம் அது.

எங்களுக்கு இன்னொரு வசதி, வீட்டிலேயே மரம் இருந்தது. பழைய மச்சிலிருந்து இறக்கிய நான்கு உத்திரமும் சட்டங்களும். இற்றுப்போன நுனிகளை வெட்டிவிட்டு மீதியை அறுத்தால் மேல்சட்டம், கீழ்ச்சட்டம் இரண்டுக்கும் போதும் என்று ஆசாரி அண்ணாச்சி சாக்பீஸை வைத்துக் கோடு போட்டே சொல்லிவிட்டார். அறுக்கக் கொண்டுபோனால் முதல் மில்லில் வாங்க மாட்டேன் என்றார்கள். பழைய மரத்துக்குள் ஆணி இருக்கும், வாள் தெறித்துவிடும், அவர்கள் பயம் நியாயமானதுதான். அண்ணாச்சியும் அவர் மகனும் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு காந்தத்தை நூலில் கட்டி ஒவ்வொரு கட்டையிலும் ஓட்டிப் பார்த்துப் பார்த்து ஆணியைப் பிடுங்கினார்கள். ஒரு டப்பா நிறைய, கொல்லன் கையால் அடித்த சதுர ஆணிகள். அதன் பிறகு இரண்டாவது மில்லில் ஒத்துக்கொண்டார்கள், ஒரு வாளும் போகவில்லை. முதல் உத்திரம் பிளந்து விழுந்தபோது வந்த தேக்கு வாசனையை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன், தாத்தா பிறப்பதற்கு முன் வெட்டிய மரம் அது, உள்ளே இன்னும் எண்ணெய்ப் பசை இருந்தது.

பற்றாக்குறைக்கு நடுக்கால்களுக்கு வேங்கை வாங்கினோம். அங்கேதான் தவறு நடந்தது. கடையின் பெயர் வேண்டாம். "நல்லா காஞ்ச மரம், ரெண்டு வருஷம் ஆச்சு" என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். நாங்களும் பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று வாங்கி வந்துவிட்டோம். அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார், கையில் வைத்து எடை பார்த்தார், "டீச்சர், இது பச்ச மரம். இதுல நான் செய்ய மாட்டேன்" என்று வைத்துவிட்டார். இன்ஜினியர் ஈரப்பதம் பார்க்கும் சின்னக் கருவியோடு வந்தார், இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் எத்தனை சதவீதம் ஈரம் என்று எண் காட்டும். பழைய தேக்கு 11, 12 என்று காட்டியது. புது வேங்கை 24, ஒரு துண்டில் 27. ட்ரஸுக்கு இதுதான் விஷம். பச்சை மரம் காயும்போது சுருங்கும், சுருங்கினால் மரத்தின் கனம் குறைந்து போல்ட்டின் பிடி விட்டு, மூட்டு தளர்ந்து, தளம் முழுக்க ஆட ஆரம்பிக்கும், கீழே சீலிங் மூடிய பிறகு எல்லாவற்றையும் திரும்ப முறுக்குவதும் லேசில்லை. கடைக்காரரிடம் திரும்பக் கேட்டோம், அறுத்த மரத்தை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் அடுக்கிக் காயவைத்தோம், கட்டைக்குக் கட்டை ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, இடையிடையே குச்சி வைத்து.

அதற்குள் 2023 டிசம்பர் வந்துவிட்டது. மார்கழி பிறந்த அன்று ஆரம்பித்த மழையும் தாமிரபரணியில் வந்த வெள்ளமும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மரத்தை மூன்று வரிசைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தோம், போதவில்லை, அடி வரிசை இரண்டு நாள் நனைந்தது. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "தேக்குக்கு ஒண்ணும் ஆகாது, மேலால நனஞ்சது சீக்கிரம் போயிரும், பங்குனி வரைக்கும் பொறுங்க" என்றார். பொறுத்தோம். வெயிலில் போடவில்லை, ஓலைக் கொட்டகை நிழலில், காற்று ஓடுகிற மாதிரி. வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் சுருங்கி வெடித்துவிடும். பங்குனி கடைசியில் வேங்கை 14-க்கு வந்தது. பிறகு பூச்சி அரிக்காமல் இருக்க எல்லா நடுக்கால்களுக்கும் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை இரண்டு முறை பூசி, மறுபடி ஆறவிட்டு, அப்புறம்தான் வேலையே ஆரம்பம். அஸ்திவாரத்தைச் சுற்றிக் கரையான் மருந்து ஏற்கெனவே அடித்திருந்தோம், அது தனி. நான்கு மாதம் வீணாய்ப் போனது என்று அன்றைக்கு அழுதேன், இன்றைக்கு அந்த நான்கு மாதம்தான் இந்தத் தளம் ஆடாமல் இருப்பதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். மரம் வாங்கப் போகிறவர்கள் அந்த ஊசிக் கருவியை முதலில் வாங்குங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

ஆசாரியின் வேலையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். அண்ணாச்சி இதுவரை ஓட்டுக்கூரைக்கு ட்ரஸ் செய்திருக்கிறார், தளத்துக்குச் செய்தது இதுவே முதல் முறை. இன்ஜினியர் கொடுத்த வரைபடத்தை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு பின்கட்டுப் புதுத் தரையில் ஒரு முழு ட்ரஸை அப்படியே அதே அளவில் கோடு போட்டு வரைந்தார். அந்தக் கோட்டின் மேல் மரத்துண்டுகளை ஆணியடித்து ஒரு அச்சு மாதிரி ஆக்கி, 15 ட்ரஸையும் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டினார், ஆகவே ஒன்றுக்கொன்று நூல் வித்தியாசம் இல்லை. அச்சை வரையும்போதே நடுவில் கால் அங்குலம் மேலே தூக்கி வரைந்தார், பாரம் ஏறினதும் அது இறங்கி மட்டத்துக்கு வந்துவிடும் என்று. நுனிகளை வெட்டிய பிறகு பழைய உத்திரம் 16 அடிதான், நமக்குச் சுவரில் உட்காருவதும் சேர்த்து 18 முக்கால் வேண்டும், ஆகவே எல்லாச் சட்டத்திலும் ஒரு ஒட்டு உண்டு. அந்த ஒட்டு கீழ்ச்சட்டத்தில் நடுவில் வரவே கூடாது, இழுவை அங்கேதான் அதிகம். இதை இன்ஜினியர் சொல்வதற்கு முன்பே அண்ணாச்சி சுவரை ஒட்டிக் கோடு போட்டிருந்தார். "தொய்யுற எடத்துல யாரு தம்பி ஒட்டு போடுவா" என்று அவர் கேட்டபோது இன்ஜினியர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

ஏற்றும் நாளில் கிரேன் இல்லை, சாரம் கட்டி நாலு பேர் கயிறு போட்டே தூக்கினார்கள். ஒரு ட்ரஸ் 75 கிலோ அளவில்தான். சித்திரை வெயிலில் இரண்டு நாளில் 15-ம் மேலே போய்விட்டது. முனைகளைச் சுவருக்குள் புதைக்கவில்லை. முன்பு சொன்னேனே, அந்த இற்றுப்போன உத்திர நுனியை நான் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன், அதை நினைத்துத்தான். பெல்ட்டின் மேல் ஒரு தார்த்தாள், அதன் மேல் ட்ரஸ், பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு அங்குலம் காற்று ஓட இடம், அதை எலியும் அணிலும் நுழையாமல் கம்பிவலை வைத்து மூடியிருக்கிறோம். வலையை மறந்துவிடாதீர்கள், அந்த 16 அங்குல வெற்றிடம் அணிலுக்குச் சொர்க்கம்.

இப்போது எல்லோரும் கேட்கிற ஆட்டத்துக்கு வருகிறேன். பலகை போட்டு முடித்த அன்று ஆடத்தான் செய்தது. பெரிதாக இல்லை. ஆனால் பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பி நடுவில் வைத்துவிட்டு என் மகன் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தால் குடத்துத் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. எனக்கு நெஞ்சு படபடத்தது. விதிப்படி பார்த்தால் ஒன்றும் தப்பில்லை, கீழே ஜிப்சம் மாதிரி உடையக்கூடிய சீலிங் வந்தால் நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது, 18 அடிக்கு அது அரை அங்குலத்துக்குச் சற்று மேல், எங்கள் தளம் அதில் பாதிகூடத் தொய்யவில்லை. ஆனால் தொய்வது வேறு, அதிர்வது வேறு. தொய்வு பாதுகாப்பாக இருந்தாலும் அதிர்வு மனசுக்கு ஒப்பாது. இன்ஜினியர் வரைபடத்தைப் பிரித்துக் காட்டினார். ட்ரஸ்களுக்குக் குறுக்கே, அந்த முக்கோண ஓட்டை வழியாக, ஆறுக்கு இரண்டு அங்குலச் சட்டம் ஒன்றை நிறுத்தி வைத்து ஒவ்வொரு ட்ரஸோடும் பூட்ட வேண்டும், இரண்டு வரிசை. அதைப் பலகைக்குப் பிறகு போடலாம் என்று விட்டு வைத்திருந்தார்கள். போட்ட பிறகு அதே குடம், அதே மகன், அதே நடை. தண்ணீரின் மேல் கோடுகூட விழவில்லை. தனித்தனியாக நிற்கும்போது நடக்கிறவன் கால் விழுகிற ஒரு ட்ரஸ் மட்டும் பாரம் வாங்குகிறது, குறுக்குச் சட்டம் பூட்டியதும் பக்கத்து மூன்று நான்கும் தோள் கொடுக்கின்றன. இந்த இரண்டு சட்டத்துக்கு ஆன மரம் மொத்தத்தில் ஒன்றுமே இல்லை. அதைச் செலவு மிச்சம் என்று யாராவது விடச் சொன்னால் விடாதீர்கள்.

ட்ரஸின் பெரிய சுகம் அந்தக் காலி இடம். கரண்ட் குழாய், இன்வெர்ட்டர் வயர், ஏ.சி.யின் செம்புக் குழாய், அதன் தண்ணீர் குழாய் எல்லாமே அந்த முக்கோணங்கள் வழியாகப் போய்விட்டது. சுவரில் காடி வெட்டவில்லை, சீலிங்கைத் தாழ்த்தவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரில் காடி வெட்டினால் பாளம் பாளமாக வரும், அந்த வேலை மிச்சமானதே எங்களுக்குப் பெரிய லாபம். எலெக்ட்ரீஷியன் ஒன்றரை நாளில் முடித்துவிட்டார், பின்கட்டுக் கான்கிரீட் பகுதியில் அதே வேலைக்கு ஐந்து நாள் ஆனது.

ஆனால் அந்த இடத்தில்தான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஏ.சி. தண்ணீர் குழாய்க்குச் சாய்வு கிடைக்கவில்லை என்று குழாய் வேலைக்கு வந்த ஒருவர், நாங்கள் யாரும் இல்லாத நேரத்தில், ஒரு ட்ரஸின் கீழ்ச்சட்டத்தில் வாளை வைத்து ஒரு அங்குல ஆழத்துக்கு வெட்டிவிட்டார். மூன்று அங்குலச் சட்டத்தில் ஒரு அங்குலம். முழு உத்திரத்தில் ஒரு அங்குலம் போனால் பெரிய நஷ்டமில்லை என்கிற நினைப்பில் செய்திருப்பார், ட்ரஸில் அந்தச் சட்டம் ஒவ்வொன்றும் முழு இழுவையில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்து அதிர்ந்துபோனேன். அடியில் முட்டுக் கொடுத்து, வெட்டுக்கு இரண்டு பக்கமும் நாலடி நீளத்தில் தேக்குச் சட்டம் அணைத்து, போல்ட் போட்டு அண்ணாச்சி சரிசெய்தார், இன்ஜினியர் வந்து பார்த்த பிறகுதான் அந்த முட்டுக்கட்டையை எடுத்தோம். மறுநாள் ஒவ்வொரு ட்ரஸிலும் சிவப்பு பெயின்ட்டில் "வெட்டாதே, துளைக்காதே" என்று நானே எழுதினேன். நீங்கள் இதைச் செய்வதாக இருந்தால் ட்ரஸ் தரையில் கிடக்கும்போதே எழுதிவிடுங்கள்.

குளியலறையும் அடுக்களையும் பின்கட்டுக் கான்கிரீட்டின் மேல்தான். மரத்தளத்தின் மேல் குளியலறை வைக்கிறார்கள், தங்கை வீட்டில் இருக்கிறது, அதற்கென்று தண்ணீர் இறங்காத பூச்சும் பலகையும் உண்டு. நம் வீடுகளில் வாளி வாளியாக ஊற்றிக் குளிக்கிறோம், தரையைக் கழுவிவிடுகிறோம், அந்தப் பழக்கத்துக்கு மரம் ஒத்துவராது என்று நாங்கள் முயற்சி செய்யவில்லை. நெருப்பும் யோசிக்க வேண்டியது. கனத்த உத்திரம் தீயில் மெதுவாகத்தான் கருகும், மெல்லிய சட்டமும் தகடும் சீக்கிரம் விட்டுவிடும். அதனால் கீழே ஜிப்சம் சீலிங்கை அழகுக்காக இல்லாமல் காப்புக்காகவே இடைவெளியில்லாமல் போட்டோம், வயர் எல்லாம் குழாய்க்குள். பட்டாசலில் இருந்த பூஜை விளக்கு மட்டும் கான்கிரீட் கூரை உள்ள பக்கத்துக்கு மாறிவிட்டது. இதில் அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.

குறை சொல்ல வேண்டுமானால் சத்தம். மேலே யாராவது குதிகால் ஊன்றி நடந்தால் கீழே தெரிகிறது. சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் ரப்பர் பட்டை வைத்தோம், ட்ரஸ்களுக்கு இடையில் பஞ்சு மாதிரியான கல்நார் இல்லாத ராக்வுல் அடைத்தோம், பேச்சுச் சத்தம் அறவே நின்றுவிட்டது, காலடிச் சத்தம் பாதிதான் குறைந்தது. ராத்திரி மூத்தவன் படித்துவிட்டு எழுந்து போவது எனக்குக் கீழே கேட்கும். கான்கிரீட் கூரைக்குப் பழகியவர்களுக்கு இது தொந்தரவாக இருக்கலாம், நான் பொய் சொல்ல மாட்டேன். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் பலகைகள் லேசாகப் பருத்து ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும், கத்திரி வெயிலில் விலகி நூல் அளவு இடைவெளி தெரியும். அதற்காகத்தான் ஒரு பலகையின் விளிம்பு இன்னொன்றின் காடிக்குள் போய் உட்காருகிற மாதிரி செய்திருக்கிறார்கள், தூசி கீழே இறங்காது.

செலவைப் பற்றி: பலகை, ட்ரஸ், தகடு, கூலி, சீலிங் எல்லாம் சேர்த்து அதே 432 சதுர அடிக்குக் கான்கிரீட்டில் ஆகியிருக்கக் கூடியதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆனது, அதுவும் முக்கால்வாசி தேக்கு எங்கள் வீட்டு மரமாக இருந்தும். எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் இரண்டு மடங்கைத் தாண்டும். வீட்டுக் கடனுக்கு மதிப்புப் போட வந்தவரும் மரத்தளம் என்றதும் யோசித்தார், இன்ஜினியரின் கணக்குத்தாளும் கையெழுத்தும் காட்டிய பிறகுதான் எழுதிக்கொண்டார். ஆகவே வெறும் மனையில் புது வீடு கட்டுகிறவர்களுக்கு, பணமும் இடமும் அளவாக இருந்தால், கான்கிரீட்டே போதும் என்பேன். பழைய சுவரைக் காப்பாற்ற வேண்டும், நடுவில் தூண் இல்லாமல் அகலமான கூடம் வேண்டும், வீட்டில் பழைய மரம் இருக்கிறது, மரத்தை மதிக்கிற ஆசாரி கிடைத்திருக்கிறார் என்றால் தயங்கவே வேண்டாம்.

ஒன்றரை வருடத்தில் இரண்டு கோடையும் இரண்டு மழைக்காலமும் பார்த்துவிட்டது. போன மாதம் சீலிங்கில் விட்டிருக்கிற சோதனைக் கதவுகள் வழியாக அண்ணாச்சி டார்ச்சோடு ஏறி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். 15 ட்ரஸில் ஒன்பது போல்ட்டுதான் கால் சுற்று முறுக்க இடம் கொடுத்தது, அத்தனையும் வேங்கைக் கால் உள்ள மூட்டுகள். உளுத்த மாவு எங்கேயும் இல்லை. முனைகளில் ஊசிக் கருவி 12 காட்டியது. அம்மா மத்தியானம் கட்டிலை விட்டுவிட்டுப் பலகையின் மேல் பத்தமடைப் பாயை விரித்துத்தான் படுக்கிறார்கள், டைல்ஸ் மாதிரி சில்லென்று ஏறி மூட்டு வலிக்கவில்லையாம். தென்கிழக்கு மூலையில் படிக்குப் பக்கத்தில் ஒரு பலகை மட்டும் மிதித்தால் கிறீச்சென்கிறது. பொங்கல் கழித்து வந்து கழற்றி அடியில் ரப்பர் வைத்துத் தருகிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.